ரெஜினா க்ளிமெக்கும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும்

“மறைந்த செல்வி ரெஜினா க்ளிமெக், எரிவாயு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி, பொறுமைக்கும் இன்சொல்லுக்கும் பெயர் பெற்றவர். பேஸ்பால் ஆட்டத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். வெற்றியையும் தோல்வியையும் சமமாகப் பாவித்து, விளையாட்டை விளையாட்டாகவே ரசித்த பண்பாளர். அன்னாரின் சாந்த குணம் நமக்கெல்லாம் முன்மாதிரி.”

புனித குனெகுண்டா ஆலயத்தின் ஞாயிறு இதழில் இந்தக் குறிப்பு வெளியானபோது, பிலடெல்பியாவின் போர்ட் ரிச்மண்ட் பக்கத்தில் பலர் அதை இரண்டு முறை படித்தார்கள். இதே பெயரில் இன்னொரு அம்மாள் இருந்து, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. எழுதிய பாதிரியாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். வந்தபோதே ரெஜினாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. பேச்சில்லாத ரெஜினாவை மட்டும் பார்த்த ஒருவர் அவளைச் சாந்தசொரூபி என்று நம்பியதில் வியப்பில்லை.

குறிப்பின் முதல் வாக்கியம் என்னவோ முழு உண்மை. எரிவாயு நிறுவனத்தில் புகார்த் தொலைபேசியின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது அவள் வேலை. ஜனவரிக் குளிரில் கணப்பு அணைந்தவன், பில்லைப் பார்த்து மயக்கம் வந்தவன், ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பாததால் நாள் முழுக்க வீட்டில் காத்துக் கிடந்தவன், எல்லோரும் அவள் காதில்தான் கொட்டினார்கள். ஒரு நாளும் அவள் குரல் உயர்ந்ததில்லை. மன்னிக்க வேண்டும் ஐயா, புரிகிறது அம்மா, இதோ பார்க்கிறேன் என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. மேலதிகாரிகள் அவளைக் காட்டிப் புதியவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். மாலையில் கிளம்பும்போது ஊராரின் கோபம் மொத்தத்தையும் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். இரவு ஆட்டம் தொடங்கியதும் அதை ஊர்ப் பேஸ்பால் அணியான பில்லீஸின் தலையில் இறக்கினாள். பிறகு நன்றாகத் தூங்கினாள்.

பிலடெல்பியாவில் ஊளையிடத் தெரியாதவன் கிடையாது. பந்தைத் தவறவிட்டால் ஊளை, மட்டையைச் சும்மா சுற்றினால் ஊளை, நன்றாக ஆடினாலும் நேற்று ஏன் இப்படி ஆடவில்லை என்று ஓர் ஊளை. அந்த ஊரிலேயே ரெஜினாவின் ஊளைக்குத் தனி மதிப்பு இருந்தது. அடிவயிற்றில் தொடங்கி, மூச்சு வாங்காமல், நீளமாகப் போகும். ஆனால் எதிரணியைப் பார்த்து அவள் ஒரு தடவையும் ஊளையிட்டதில்லை. அவர்கள் யாரோ வழிப்போக்கர்கள், அவர்களோடு நமக்கென்ன கோபம் என்பாள். கோபப்படுவதற்குச் சொந்தம் வேண்டும். இன்னொரு விதியும் வைத்திருந்தாள்: திட்டுவதென்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போய் நேருக்கு நேர் திட்ட வேண்டும். தோற்றவன் வீட்டு ஜன்னலில் முட்டை வீசுகிறவர்களை அவள் மனிதராகவே கணக்கில் எடுப்பதில்லை.

கோபத்துக்கு ஆரம்பம் அறுபத்து நான்காம் வருஷம். அந்தச் செப்டம்பரில் பில்லீஸ் லீக் பட்டத்தைக் கிட்டத்தட்டப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே, சாம்பியன் யார் என்று முடிவாகிற உலகத் தொடருக்கு டிக்கெட்டே அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்றார்கள். அதில் உள்ளூரில் நடந்த ஏழையும் ரெஜினாவும் அவள் தம்பி போலெக்கும் அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். அவளுக்கு இருபத்து நான்கு, அவனுக்கு இருபத்தொன்று. சாவு வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் மாதிரி தினமும் போய்த் திரும்பினார்கள். அன்று முதல் தன் அணி பின்தங்கியிருந்தால் ரெஜினாவுக்கு ஒருவித நிம்மதி; முன்னணியில் இருந்தால் இருப்புக்கொள்ளாது. கடைசி ஆள் அவுட் ஆகும்வரை அவள் முன்னால் ஜெயம் என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது.

எண்பதில் ஜெயித்தார்கள். அணி பிறந்து ஏறக்குறைய நூறு வருஷத்தில் முதல் உலகத் தொடர். அதைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் அவளிடமிருந்து கிடைப்பது குதிரை மட்டும்தான். ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்துவிடாதபடி போலீஸ் குதிரைகளையும் நாய்களையும் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு குதிரை, அவள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில், சரியான நேரம் பார்த்துப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றதாம். முப்பத்தைந்து வருஷம் அந்தக் குதிரையை அவள் திட்டினாள். எண்பத்து மூன்றில் பால்டிமோரிடம் தோற்றதைக் கேட்டாலோ ஒவ்வொரு பந்தாகச் சொல்லுவாள். ஜெயித்ததை மறந்து தோற்றதை மனப்பாடமாக வைத்திருப்பதுதான் விசுவாசம் என்பது அவள் கட்சி.

போலெக் அந்த எண்பதைப் பார்க்கவே இல்லை. நகரப் பேருந்து ஓட்டுநர். கடைசி ஆள் அவுட் ஆனபோது ஃபிராங்க்ஃபோர்டு சாலையில் வண்டியோடு நின்றிருந்தான். ஊர் முழுக்க ஹாரன் அலறியதைக் கேட்டுத்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. பிறகு அந்தப் படத்தை எத்தனையோ தரம் போட்டுக் காட்டினார்கள். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பது, தின்று முடித்த தட்டைப் பார்ப்பது மாதிரி என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இனி தொண்ணூற்று மூன்று. அக்காளும் தம்பியும் அடுத்தடுத்த வீடு. நடுவில் பொதுச்சுவர் ஒன்றுதான். அந்த அக்டோபர் சனிக்கிழமை, டொரான்டோவில் நடந்த உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை போலெக் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலெக்கின் மனைவி லொரெய்ன் முட்டைக்கோஸ் சுருள் செய்திருந்தாள். ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸ், பில்லீஸுக்கு ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போகும். பட்டம்கூட இல்லை, பட்டத்துக்கு இன்னொரு நாள் அவகாசம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷாம்பெயின் பாட்டிலின் கழுத்துக் கம்பியைத் திருகுகிற சத்தம்.

“போலெக், அதக் கீழ வை.”

“சும்மா கம்பியைத்தான் கழட்டுறேன் ரெஜி. இன்னும் ரெண்டு பேருதானே.”

அவன் தக்கையைத் தொடவில்லை என்று பின்னாளில் லொரெய்ன் சத்தியம் செய்வாள். தக்கை தானாகத்தான் கிளம்பியது. கூரையில் இடித்துக் கீழே விழுந்தது. அதே நொடியில் டொரான்டோவில் எதிரணிக்காரன் ஒருவன் மட்டையைச் சுழற்றினான். பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியது. மூன்று பேர் ஓடி வந்து சேர்ந்ததில் எதிரணிக்கு மூன்று ஓட்டம், ஆட்டம் முடிந்தது, தொடரும் முடிந்தது. போலெக் கையில் நுரை வழிய சமையலறை வாசலில் நின்றான்.

ரெஜினா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே பந்து வீசியவனைச் சபித்தது. ரெஜினா அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை ஓய்ந்துபோனவன், இருந்ததை வீசினான், அவனைத் திட்ட என்ன இருக்கிறது என்றாள். குற்றவாளி யார் என்று அவளுக்குத் தெரியும். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான்.

பதினைந்து வருஷம் தம்பியோடு பேசவில்லை. கொல்லைப்புற வேலிக்கு மேலாக லொரெய்னோடு மட்டும் பேச்சு. அம்மாவின் அடக்கத்தன்று சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவனும் நின்றார்கள். மலர்வளையத்தை எங்கே வைப்பது என்பதைக்கூட லொரெய்ன்தான் சுற்றி வந்து சுற்றி வந்து கேட்டுச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து, வருஷத்து மனத்தாங்கலை மன்னிப்பது போலந்துக்காரர் வழக்கம். ரெஜினா அதையும் தவறவிடவில்லை. தன் அப்பத்தில் ஒரு துண்டை உடைத்து, வேலிக்கு மேல் லொரெய்ன் கையில் கொடுத்தனுப்பினாள். வேதம் கேட்கிற அளவுக்கு அவனை மன்னித்தாயிற்று. பேஸ்பால் கணக்கு வேறு.

ஆனால் ஆட்டத்தை இருவரும் சேர்ந்துதான் கேட்டார்கள். சுவர் அப்படிப்பட்ட சுவர். ரெஜினா வானொலிக்காரி, தொலைக்காட்சியில் பேசுகிற ஆட்களின் குரலே அவளுக்கு ஆகாது. போலெக் தொலைக்காட்சி வைப்பான். அவள் ஊளையிட்டுச் சுவரில் ஓர் அறை விடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவனுடைய முனகல் வரும். பேசாவிட்டாலும் ஒரே குடும்பத்து ஒப்பாரியாக அது பல வருஷம் நடந்தது. பிறகு, ஒரு நான்கு வருஷமாக, அவன் முனகல் தாமதமாக வரத் தொடங்கியது. அவள் ஊளையிட்டு முடித்து, சுவரையும் அறைந்து உட்கார்ந்த பிறகு, நிதானமாக ஒரு முனகல். அவளுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. தன்னைப் போலவே செய்து காட்டிக் கேலி செய்கிறான். அக்கா என்ற மரியாதை போகட்டும், தோல்வி என்ற மரியாதைகூட இல்லாதவன். பேச்சை நிறுத்தியது சரிதான் என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் அவளுக்கு ருசுவானது.

இரண்டாயிரத்து எட்டில் மறுபடி உலகத் தொடர். நான்கில் மூன்று ஆட்டம் பில்லீஸுக்கு. ஐந்தாவதை ஜெயித்தால் பட்டம். திங்கள் இரவு, குளிர், கொட்டுகிற மழை. ஆறாவது இன்னிங்ஸ் பாதியில், இரண்டுக்கு இரண்டு என்று சமமாக இருக்கும்போது, ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். செவ்வாயும் மழை. புதனன்று விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்றார்கள்.

பாதி ஆட்டத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊர் இரண்டு நாள் நடமாடியது. ரெஜினா திங்களன்று போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. குடித்த கோப்பையைக் கழுவவில்லை. நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. தன் வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று. மிச்சமிருந்த ஆபத்து பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தது. செவ்வாய் மத்தியானம் அவள் போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த லொரெய்ன் ஒதுங்கி நின்றாள். போலெக் சாய்வு நாற்காலியில் இருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நுரையீரல் போய்விட்டது என்று ரெஜினாவுக்குத் தெரியும், பார்த்தது இப்போதுதான். பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“நான் உள்ள வரலை. ஒரே விஷயம். நாளைக்கு ராத்திரி டிவியப் போடாத.”

போலெக் அவளை மேலும் கீழும் பார்த்தான். “பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்து எங்கிட்ட கேக்குறது இதானா?”

“கேக்கலை. சொல்றேன். எண்பதுல நீ பாக்கலை, ஜெயிச்சாங்க. எண்பத்து மூணுல பாத்த, தோத்தாங்க. தொண்ணூத்து மூணுல பாத்ததோட நிக்கலை, தக்கைய வேற புடுங்கின.”

“திங்கக்கிழமை பாத்தேனே. தோத்தா போனாங்க?”

“மழைய வரவழைச்சல்ல.”

லொரெய்ன் சிரித்துவிட்டாள். போலெக் சிரிக்கவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டு, மூச்சைச் சேர்த்துப் பேசினான்.

“இப்ப நான் சொல்றதக் கேளு. நாலு வருஷமா நான் ஒரு ஆட்டமும் பாக்கலை. கேபிள் மாத்தினதுலேர்ந்து என் டிவி உன் ரேடியோவுக்குப் பின்னாடி ஓடுது. இங்க பந்து வீசுறவன் இன்னும் கையவே தூக்கலை, அதுக்குள்ள அந்தப் பக்கம் நீ ஊளையிட்டாச்சு. போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுடுது. அப்புறம் உக்காந்து அது எப்படிப் போச்சுன்னு பாக்குறேன். ஒவ்வொரு தோல்வியையும் எனக்கு நீதான் முதல்ல சொல்ற, ரெஜி. எண்பதுல ஹாரன் சொல்லிச்சு. கடைசி ஆள் அவுட் ஆகுறத ஒரே ஒரு தடவை நானாப் பாக்கணும். யாரும் முன்னாடி சொல்லாம. அடுத்த சீசனப் பத்திக் கேட்டா டாக்டர் பேச்ச மாத்துறான்.”

“அதுக்கு?”

“அதுக்கு, வாய மூடு.”

“என் வீட்ல நான் கத்துவேன்.”

“என் வீட்ல நான் பாப்பேன்.”

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. ரெஜினா திரும்பி வந்து தன் கதவைச் சாத்திய சாத்தில் இரண்டு வீட்டு ஜன்னல்களும் அதிர்ந்தன. லொரெய்ன் பின்னாலேயே கொண்டு வந்து படியில் வைத்துவிட்டுப் போன முட்டைக்கோஸ் சுருளை, உப்பு போதவில்லை என்று திட்டிக்கொண்டே தின்று தீர்த்தாள்.

டிவி பின்னால் ஓடுகிறதாம். பொய் சொல்வதிலும் ஒரு பொருத்தம் வேண்டாமா? புதன் இரவு ஆட்டம் தொடங்குமுன் அவள் வானொலியை வைத்துவிட்டுச் சுவரில் காதைப் பொருத்தினாள். வானொலியில் ஒரு பந்து விழுந்து கூட்டம் இரைந்து அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. அவள் மூச்சு விட்டாள், இன்னொரு மூச்சும் விட்டாள், அதற்குப் பிறகுதான் அதே இரைச்சல் அந்தப் பக்கத்தில் எழுந்தது. அடுத்த பந்துக்கும் அப்படியே. அடுத்ததற்கும்.

நான்கு வருஷம் அவன் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு முனகலும் நிஜ முனகல். அது தெரிந்ததும் ரெஜினாவுக்கு வந்தது வருத்தமல்ல, ஆத்திரம். இவ்வளவு காலம் அருமையாக வளர்த்து வைத்த ஒரு கோபத்தின் அடியில் ஒன்றுமில்லை என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? கேபிள்காரனைத் திட்டினாள். லொரெய்னைத் திட்டினாள், வேலிக்கு மேலே ஆயிரம் பேசியவள் இதைச் சொல்லவில்லையே. தக்கையையும் ஒரு பாட்டம் திட்டினாள். அது மட்டும் இன்னும் கோபப்படத் தகுந்ததாக மிச்சமிருந்தது.

பில்லீஸ் ஒரு ஓட்டம் எடுத்தார்கள். எதிரணி சமன் செய்தது. அவள் ஊளையிட்டாள். வாயை மூடு என்று சொன்னால் மூடிவிட அவள் என்ன அவனுடைய பேருந்துப் பயணியா? அந்தப் பக்கத்திலிருந்து தாமதமாக முனகல் வந்தது. இம்முறை அதை அவள் முழுக்கக் கேட்டாள். மூச்சுக்குத் திணறுகிறவனின் முனகல். பாதியில் இருமலாக உடைந்தது. பில்லீஸ் மறுபடி முன்னிலைக்கு வந்தார்கள். நான்குக்கு மூன்று.

ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தது. மறுபடியும் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. அவள் எழுந்து சுவரை ஒட்டி நின்றாள். அந்தப் பக்கம் கம்பியைத் திருகுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் அவுட். மூன்றாமவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒன்று விழுந்தால் அவனும் அவுட். வானொலிக்காரர் பேச்சை நிறுத்தினார். மட்டை காற்றை வெட்டியது. அவ்வளவுதான், முடிந்தது. வானொலிப் பெட்டிக்குள் கூட்டம் வெடித்தது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கேபிள். வானொலி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு ஹாரனும் அலறவில்லை. அறுபத்து நான்கிலிருந்து சேர்த்து வைத்தது மொத்தமும் அவள் தொண்டைக்கு ஏறி வந்தது. ஸ்வெட்டர் கழுத்தை மேலே இழுத்து வாயில் திணித்துப் பல்லால் கடித்தாள். சுவரை அறையக் கிளம்பிய வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வானொலியின் சத்தத்தையும் முழங்கையால் குறைத்தாள். அந்தப் பக்கத்தில் பந்து வீசுகிறவன் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

பிறகு சுவருக்கு அப்பால் ஒரு கூச்சல் எழுந்தது. பாதி இருமல், பாதி அழுகை. லொரெய்ன் ஏதோ கத்தினாள். தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன, பாத்திரங்களைத் தட்டினார்கள். ரெஜினா ஸ்வெட்டரைத் துப்பிவிட்டு நீளமாக ஓர் ஊளையிட்டாள். சந்தோஷத்துக்கென்று தனியாக ஒரு சத்தம் அவளுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் இருவரும் பேசினார்கள். பேசியது சண்டைதான். உன் வானொலியால்தான் என் வீட்டுச் சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று அவன், உன் இருமலால்தான் என்று அவள். பனிக்காலம் முழுக்க, தினமும், நேருக்கு நேர் உட்கார்ந்து போட்ட சண்டை. அடுத்த சீசன் தொடங்குமுன் பிப்ரவரியில் போலெக் இறந்துபோனான். அந்த வருஷ இலையுதிர் காலத்தில் நியூயார்க்கிடம் உலகத் தொடரைத் தோற்றபோது, இதைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டான் என்று அவனையும் சேர்த்துத் திட்டினாள்.

அந்தப் புதன் இரவு, தெருவில் எல்லோருக்கும் முன்னால் அது தெரிந்திருந்தும், தம்பி தன் கண்ணால் பார்த்து முடிக்கும்வரை ரெஜினா க்ளிமெக் சத்தம் போடாமல் இருந்தாள்.